சுற்றுச்சுவரும் இரண்டு சாவிகளும்

மார்ச் 3, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை இடிந்த சுற்றுச்சுவர் இடிந்தபடியே கிடக்கிறது. இன்று காலை அந்த ஓட்டை வழியாக ஒரு தெருநாய் உள்ளே வந்து, வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, எங்கள் குடும்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. அதற்கே நிலைமை பிடிக்கவில்லை போலிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். காரைப் பின்னால் எடுத்தார். நான் பின்னால் நின்று "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்றேன். வந்தார். சுவருக்குள்ளேயே வந்தார். கேட்டால், "நீங்கதானே வரலாம்னீங்க" என்கிறார். நான் ஆயிரம் சொல்வேன், வண்டியில் கண்ணாடி எதற்கு வைத்திருக்கிறார்கள்? தலை சீவவா? அதைத்தான் கேட்டேன். "மாப்ள, உங்களை நம்பி ஒரு காரைக்கூடப் பின்னால எடுக்க முடியல" என்றார். என் மனைவி, அவர் மனைவி, எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் நிற்கும்போது சொன்னார்.

"இனிமே நானா வந்து உங்ககிட்டப் பேசினா என் பேரை மாத்திக்கிறேன்" என்றேன். "எனக்கும் அதேதான்" என்றார்.

சுவரை யார் கட்டுவது? கட்டுகிறவன் தப்பை ஒத்துக்கொண்டவன் ஆகிவிடுவான். கிடக்கட்டும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நானும் மச்சானும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். ஒரே அறையில்.

மார்ச் 4, புதன்

மனநல மருத்துவர் நாட்குறிப்பு எழுதச் சொன்னார், மன இறுக்கம் குறையுமாம். எழுதியதை அன்றன்றே எரித்துவிடவும் சொன்னார், ரகசியமாம். பாதி ஆலோசனையை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சொந்தக்காரர்களுக்கு நானும் மச்சானும் வானிலை ஆய்வு மையத்தில் இருக்கிறோம். கல்யாணம் வைக்கிறவர்கள் எல்லாம் மழை வருமா என்று எங்களைத்தான் கேட்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்வேன். மையத்தில் உண்மையாகவே வேலை பார்க்கிறவர்கள் சொல்வதைவிட அதிகம் பலிக்கிறது.

உண்மையில் நாங்கள் இருப்பது பூமிக்கு அடியில். லிஃப்டில் இறங்கினால் ஒரு இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் ஒரு அறை, தரையோடு திருகாணி போட்ட இரண்டு நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சாவித் துவாரம். ஒருவரே கையை எவ்வளவு நீட்டினாலும் இரண்டையும் எட்ட முடியாது. எதிரி அணுகுண்டு அனுப்பினால் நாமும் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லவா, அதற்கு. நான் முதல் சாவி. மச்சான் இரண்டாம் சாவி.

முறை இதுதான். எச்சரிக்கை வந்தால் உறையைக் கிழித்து எண்களைச் சரிபார்க்க வேண்டும். சரியாக இருந்தால் நான் "இரண்டாம் சாவி, தயாரா?" என்று கேட்க வேண்டும். அவர் "தயார்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் மூன்று எண்ண, இருவரும் சேர்ந்து திருப்ப வேண்டும். இயந்திரம் இரண்டு குரலையும் கேட்டால்தான் சம்மதிக்கும். பேசாமல் திருப்பினால் சாவி சும்மா சுற்றும்.

சாவிக்காரர்கள் இருவரும் நண்பர்களாக இருக்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. கூட்டுச் சேர்ந்துவிடுவார்களாம். சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர் பெரிய குடும்பத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும்.

வீட்டில் அவர் எனக்குப் பெரியவர். அறையில் நான் அவருக்குப் பெரியவன். அப்படியானால் யார் முதலில் பேசுவது?

மார்ச் 9, திங்கள்

பேச்சு இல்லையே தவிர, பேச்சுக்குக் குறைவில்லை. காலையில் அந்த ஆள் தன் பிளாஸ்க்கைப் பார்த்து, "சிலபேர் ஏசியை இப்படி வைச்சா மனுஷன் விறைச்சுப் போவான்" என்றார். நான் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பானைப் பார்த்து, "சிலபேருக்கு உடம்பு மட்டும்தான் வளர்ந்திருக்கு" என்றேன்.

தீயணைப்பான் நல்ல மாதிரி. குறுக்கே பேசுவதில்லை.

மார்ச் 12, வியாழன்

மனைவி இன்று பாத்திரங்களைக் கழுவவில்லை, அடித்தாள். "எனக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு அண்ணன். அவரையும் வாசலோட நிறுத்திட்டீங்க. செங்கல்லுக்காக யாராவது உறவை வெட்டுவாங்களா?"

"செங்கல் இல்ல, மரியாதை" என்றேன்.

"உங்க ரெண்டு பேர் மரியாதையையும் தராசுல வைச்சா அந்த நாய் எடை வராது" என்றாள்.

பிறகு அழுதாள். அவள் அப்பா அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு அண்ணன்தான். எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் முதலில் போய்ப் பேசுவதா? அதுவும் கண்ணாடி பார்க்கத் தெரியாத ஆளிடம்?

மார்ச் 19, வியாழன்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்து கோணலாக வருகிறது. எழுதிவிடுகிறேன்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். சிவப்பு விளக்கு. சங்கு. இயந்திரம் காகிதத்தைத் துப்பியது: எதிரி ஏவிவிட்டான், வந்துகொண்டிருக்கிறது, நீங்களும் ஏவுங்கள். உறையைக் கிழித்தேன். அவரும் கிழித்தார். எண்கள் ஒன்று விடாமல் பொருந்தின. சாவியைத் துவாரத்தில் வைத்தேன். அவரும் வைத்தார்.

இப்போது நான் கேட்க வேண்டும். "இரண்டாம் சாவி, தயாரா?" மூன்றே சொல். வாயைத் திறந்தேன். வரவில்லை.

பயமா? இல்லை. மனசாட்சியா? அதுவும் இல்லை. எனக்குள் ஓடியது இதுதான்: இப்போ நான் கேட்டா, நான்தான் முதல்ல பேசினேன்னு ஆயிடும். நாளைக்கு இந்த ஆள் நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிப்பார். நாளைக்கு என்று ஒன்று இருக்காது, நாலு பேரும் இருக்க மாட்டார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் பிளாஸ்க்கைப் பார்த்தார். "சிலபேர் கேக்கணும். கேட்டாத்தானே பதில் சொல்ல முடியும்."

நான் தீயணைப்பானிடம், "மரியாதை தெரிஞ்சவங்களா இருந்தா, கேக்காமலே தயார்னு சொல்லுவாங்க."

"சட்டப்படி முதல் சாவிதான் கேக்கணும். சட்டம் தெரியலன்னா கத்துக்கணும்."

"வண்டி ஓட்டவும் சிலபேர் கத்துக்கணும்."

"சுவரைக் காட்டி வா வான்னு கூப்பிட்டது யாராம்?"

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. வியர்த்து ஊற்றியது. இரண்டு பேர் கையும் சாவியில்தான். ஒரு கட்டத்தில் அவர் திரும்பி என்னையே நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. உதடு அசைந்தது, பேசவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

சங்கு நின்றது. தொலைபேசி அடித்தது. தலைமையகம். தவறான எச்சரிக்கையாம், சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

இருவரும் சாவியைத் துவாரத்திலிருந்து உருவினோம். பிறகு அவர் பிளாஸ்க்கிடம், "சிலபேர் சாப்பாடு ஆறிப்போச்சு" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

காரணம் தெரிந்துவிட்டது. தலைமையகத்தில் பெரிய அதிகாரிக்கு நேற்று ஓய்வு. பிரிவு உபசாரத்துக்கு அவர் மனைவி வந்திருக்கிறார். "இத்தனை வருஷம் அப்படி என்னதான் பண்ணீங்க, ஒரு தடவையாவது கண்ணுல காட்டுங்க" என்றிருக்கிறார். மனிதர் பெருமையாகப் பயிற்சிப் படத்தைப் பெரிய திரையில் ஓடவிட்டிருக்கிறார். பயிற்சி என்று இயந்திரத்துக்குச் சொல்லும் பொத்தானை அழுத்த மறந்துவிட்டார். அப்போது அவர் கையில் கேக் இருந்ததாம்.

அந்த அம்மா படம் முடியும்வரை பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று கேட்டாராம்.

மார்ச் 25, புதன்

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நான் இரவெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்திருந்தேன்: "ஐயா, கோடிக்கணக்கான உயிர்களை நினைத்துப் பார்த்தேன், கை வரவில்லை." சொல்லும்போது குரல் கம்ம வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன். பதக்கம் கிடைத்தாலும் கிடைக்கும்.

அவர்கள் அறையின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். பிளாஸ்க், தீயணைப்பான், வண்டி, சுவர், எல்லாம் வந்தது. நடுவில் இருந்தவர், "இந்த 'சிலபேர்' யாரு? உள்ளே ரெண்டு பேர்தானே இருந்தீங்க?" என்றார். விளக்கினேன். மூவருக்கும் வீட்டில் மச்சான் உண்டு போல, உடனே புரிந்துகொண்டார்கள்.

"எச்சரிக்கை பொய்ன்னு உங்களுக்கு அப்போ தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாத பட்சத்துல நீங்க உலகத்தை அழிச்சிருக்கணும். அழிக்கல. அது கடமை தவறினது. புரியுதா?"

புரிகிறது என்றோம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 1, புதன்

உத்தரவு வந்தது. தேதியைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தேன். உண்மையான உத்தரவுதான்.

பெரிய அதிகாரிக்கு முழு ஓய்வூதியம், கேடயம். எங்களுக்கு நல்லுறவுப் பயிற்சி. விதிப்புத்தகத்தையும் திருத்தியாயிற்று: சாவிக்காரர்கள் இனி மனம் ஒத்தவர்களாக இருக்க வேண்டும். குரல் கொடுக்கும் முறையை மாற்றலாமா என்று யோசிக்க ஒரு குழுவும் போட்டார்கள். குழு இன்னும் கூடவில்லை. அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லையாம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நல்லுறவுப் பயிற்சி ஆரம்பம். ஆலோசகர் அம்மாவுக்கு எப்போதும் சிரித்த முகம். எங்களை நிற்கவைத்து, "கண்ணை மூடிட்டு அப்படியே பின்னால சாயுங்க. உங்க மச்சான் பிடிச்சுக்குவார்" என்றார். சாய்ந்தேன். பிடித்தார். அடுத்து அவர் சாய வேண்டும். அந்த உடம்பை நான் எப்படிப் பிடிப்பது? பிடித்தேன். இருவரும் தரையில் கிடந்தோம், அவர் என்மேல்.

"அடிபட்டுச்சா மாப்ள?" என்றார்.

"முதல்ல எந்திரிங்க மச்சான், அப்புறம் பாத்துச் சொல்றேன்."

ஆலோசகர் அம்மா கைதட்டினார். அப்போதுதான் பேசிவிட்டோம் என்று தெரிந்தது. யார் முதலில் பேசியது? அவர்தான். குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீட்டுப்பாடம்: சேர்ந்து ஒரு வேலை செய்ய வேண்டும். சுவரைக் கட்டினோம்.

மச்சான் கலவை போட்டார், நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். நூல் பிடித்துக் கட்டியும் ஒரு பக்கம் வயிறு தள்ளிவிட்டது. "உங்களை மாதிரியே வந்திருக்கு" என்றேன். உடம்பு குலுங்கச் சிரித்தார். வெகுநாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். நல்ல மனிதர், நான்தான் வீம்பு பிடித்தேன் என்று தோன்றியது. அவருக்கும் அப்படித் தோன்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

மனைவி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மாலையில், "பேரு மாத்தியாச்சா? இனிமே எப்படிக் கூப்பிடணும்?" என்றாள். அவள் இப்படிக் கிண்டல் செய்து எத்தனை நாளாயிற்று.

நாய் வந்து பார்த்தது. வழி இல்லை. போய்விட்டது.

ஏப்ரல் 28, செவ்வாய்

மச்சான் இப்போது அறையில் பழைய பாட்டுகள் பாடுகிறார். பிளாஸ்க்கில் எனக்கும் சேர்த்து டீ வருகிறது. வேலைக்குப் போவதே பிடித்திருக்கிறது.

மே 6, புதன்

சிவப்பு விளக்கு. சங்கு. காகிதம். உறை. எண்கள் பொருந்தின.

"இரண்டாம் சாவி, தயாரா?" என்றேன்.

"தயார்" என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று. திருப்பினோம். இரண்டு கையும் ஒரே கைபோலத் திரும்பின. இயந்திரம் எங்கள் குரலைக் கேட்டது, சம்மதித்தது, பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் எழுத்து வந்தது: இது சோதனை. தேர்ச்சி பெற்றீர்கள். வாழ்த்துகள்.

சோதனை என்று முன்னால் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதாம், சொன்னால் சோதனையே இல்லையாம். நான் உண்மை என்று நினைத்துத்தான் திருப்பினேன். மச்சானும் அப்படித்தான். மனைவி ஞாபகம்கூட வரவில்லை. முறை தப்பாமல் எண்ண வேண்டும் என்ற ஒரே கவனம். கை நடுங்கவே இல்லை. அதுதான், அது ஒன்றுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மச்சான் எழுந்து மூலைக்குப் போய் வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அறையில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 7, வியாழன்

சான்றிதழ் கொடுத்தார்கள். நாட்டிலேயே எங்கள் அறைதான் முதலாம். கூப்பிட்டதிலிருந்து திருப்பியது வரை அவ்வளவு ஒற்றுமையாம். ஆலோசகர் அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டார். போன தடவை உலகம் பிழைத்ததற்கு எங்களைத் திட்டினார்கள், இந்தத் தடவை பிழைக்காததற்குப் பாராட்டுகிறார்கள். இரண்டும் ஒரே மேசையில்.

மனைவிக்குச் சான்றிதழைக் காட்டினேன். "வானிலையில ஒற்றுமைக்கெல்லாமா பரிசு தர்றாங்க?" என்றாள். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள், அவள் அப்பா அம்மா படத்துக்குப் பக்கத்தில்.

மே 8, வெள்ளி

வேலையை விட்டுவிட்டால் என்ன?

கேட்டுப் பார்த்தேன். தாராளமாக விடலாமாம். எங்கள் இடத்துக்குக் காத்திருக்கிறவர்களையும் காட்டினார்கள். இரட்டைப் பிள்ளைகள். புதிய விதிக்காகவே தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தால் மற்றவர் கைக்குட்டை எடுக்கிறார்.

விடுவதற்கில்லை. வேறு ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்யலாம்? மேலே எழுதிப் போடலாமா, எங்களைத் தவிர எல்லோருக்கும் பைத்தியம் என்று? திரும்பவும் ஆலோசகர் அம்மாவிடம்தான் அனுப்புவார்கள். உலகம் ஒரு தடவை பிழைத்தது. எதனால் பிழைத்தது? அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மச்சான் இன்று பாடவில்லை.

மே 10, ஞாயிறு

மதியம் மச்சானும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள். மனைவி காலையிலிருந்தே சமையலறையில் பாடிக்கொண்டிருந்தாள். மேசையில் எல்லோருக்கும் அவளே பரிமாறினாள். அண்ணனுக்கு இரண்டாம் தடவை, எனக்கு மூன்றாம் தடவை. அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளம்பினார்கள். மச்சான் காரில் ஏறினார். நான் பின்னால் போய் நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை.

"வரலாம்" என்றேன்.

கார் பின்னால் வந்தது. புதிய சுவர் என் இடது பக்கம், தள்ளிய வயிறோடு.

"வரலாம், வரலாம்."

பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வண்டியை நிறுத்தினார். கண்ணாடி துடைத்து வைத்ததுபோல் இருந்தது, அதில் தெரியாதது ஒன்றும் இல்லை. நானும் அவரும் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டோம்.

"இன்னும் வரலாம், மச்சான்" என்றேன்.

வந்தார்.

இந்தத் தடவை நன்றாகவே இடிந்தது. இறங்கி வந்து, எதிர்வீட்டுக்காரர் வெளியே வரும்வரை காத்திருந்து, "உங்களை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று கத்தினார். "கண்ணாடி எதுக்கு வைச்சிருக்கு, தலை சீவவா?" என்று நானும் கத்தினேன். பேரை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். எனக்கும் அதேதான் என்றார். அவர் குரல் உடைந்தது. கோபத்தில் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அழுதிருந்தால் தேவலை. காரணம் சொல்ல முடியாது, மன்னிப்புக் கேட்க முடியாது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 11, திங்கள்

அந்த ஆள் வந்தார். உட்கார்ந்தார். பிளாஸ்க்கைப் பார்த்து, "சிலபேர் இருக்கிற இடத்துல சுவர் நிக்காது" என்றார்.

தீயணைப்பானிடம் பதில் சொன்னேன். ஒலிப்பதிவை ஏதாவது நடந்தால்தான் கேட்பார்கள், அதுவரை இரட்டைப் பிள்ளைகளைக் கூப்பிட மாட்டார்கள்.

மதியம் நான் கழிவறைக்குப் போய்த் திரும்பியபோது என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை டீ இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மே 24, ஞாயிறு

மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, மிக்ஸியைப் பார்த்து, "சிலபேருக்கு ஆறிடும்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடு வெறிச்சென்று இருக்கிறது. கூடத்துச் சான்றிதழை அவள்தான் கழற்றி அலமாரிக்குள் போட்டிருக்கிறாள்.

செங்கற்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. நாய் மறுபடி வர ஆரம்பித்துவிட்டது. இப்போது பார்த்துவிட்டுப் போவதில்லை, வராந்தாவில் படுத்து நாளெல்லாம் தூங்குகிறது. விரட்டவில்லை.